வாசிக்கிற புத்தகத்தை எங்கே சொல்வது? ஐந்து வழிகளும் அவற்றின் கரைச்சல்களும்

போன மாதம் மூன்று பேர், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள், கிட்டத்தட்ட ஒரே கேள்வியோடு வந்தார்கள். கொழும்புக் கோட்டையில் என்னோடு வேலை செய்கிற தங்கச்சி ஒருத்தி, "அக்கா, நான் வாசிக்கிறதைப் பற்றி நாலு பேரோட கதைக்க ஆசை, ஆனா முகநூல்ல போட வெட்கமா இருக்கு" என்றாள். தெஹிவளையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வட்ஸ்அப்பில் ஆசையாக வாசகர் குழு ஒன்று தொடங்கினார், ஆறு மாதத்தில் அது காலை வணக்கக் குழுவாகிவிட்டது. "பிள்ளை, இதை மூடிவிடட்டோ?" என்று கேட்டார். மூன்றாவது ஆள் என் பெரியம்மாவின் மகன், கொட்டாஞ்சேனையில் இருக்கிறான். நல்ல புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால் ஊரே அதை வாசிக்க வேண்டும் அவனுக்கு. "எவ்வளவு எழுதினாலும் ஒருத்தரும் வாசிக்கினம் இல்லை அக்கா" என்பது அவனுடைய நிரந்தரக் கவலை.

மூவருக்கும் மூன்று வேறு பதில் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விவரமாக எழுதி வைத்தால் இன்னும் சிலருக்கு உதவும் என்று தோன்றியது. ஐந்து வழிகளையும் நான் பல வருடமாகச் செய்து பார்த்திருக்கிறேன், சிலதில் நன்றாகவே சூடு பட்டிருக்கிறேன்.

## முதலில், எதை வைத்து அளப்பது

"நான் இப்போது இதை வாசிக்கிறேன்" என்று சொல்வது ஒரு வேலை. "நீ இதை வாசி" என்று சொல்வது வேறு வேலை. இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே வாக்கியத்தில் செய்யப் போய்த்தான் முக்கால்வாசிப் பேர் சலித்துப் போகிறார்கள். முதல் வேலைக்குக் கேட்கிற ஆட்கள் சிலர் இருந்தால் போதும், யாராக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவதற்கு ஓர் ஆள் போதும், ஆனால் அந்த ஆள் கடைசியாக எதை வாசித்து முடித்தார் என்றாவது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே எந்த வழியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இது எந்த வேலைக்கு என்பதைத்தான்.

அடுத்தது, புத்தகம் கைக்கு எட்டுமா. கொழும்பில் இது சின்ன விஷயம் இல்லை. சென்னையில் 300 ரூபாய் விலை அச்சிட்ட புத்தகம் இங்கே வந்து இறங்கும்போது நாணய மாற்றும் ஏற்றுக்கூலியும் சேர்ந்து ஆயிரத்தைத் தாண்டிவிடும், 2022 இல் இலங்கை ரூபாய் விழுந்த பிறகு இது இன்னும் உறைக்கிறது. நம்முடைய பதிப்புகளோ பெரும்பாலும் 300, 500 பிரதிதான் அடிக்கிறார்கள், முடிந்தால் முடிந்ததுதான். அதனால் "அருமையான புத்தகம், கட்டாயம் வாசியுங்கள்" என்று எழுதிவிட்டு எங்கே கிடைக்கும் என்று சொல்லாமல் விடுவது, பசியோடு நிற்பவனுக்குச் சாப்பாட்டின் வாசனையை மட்டும் காட்டுவது மாதிரி. வெள்ளவத்தையிலோ செட்டியார் தெருவிலோ பூபாலசிங்கம் புத்தகக் கடையில் இருக்கிறதா, புறக்கோட்டை பீப்பிள்ஸ் பார்க்கில் சேமமடு புத்தகக் கடையில் இருக்கிறதா, 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகத்தில் எடுக்கலாமா, அல்லது மருதானை டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் (அப்பா காலத்து ஆட்களுக்கு அது இன்னும் மக்கலம் ரோட்தான்) அதிர்ஷ்டத்தைச் சோதிக்க வேண்டுமா என்று ஒரு வரி சேர்த்தால் பரிந்துரையின் பெறுமதி இரட்டிப்பாகிறது.

மிச்ச அளவுகோல்கள் சுருக்கமாக: ஒரு வருடம் கழித்துத் தேடினால் நீங்கள் எழுதியது அகப்படுமா, வாரத்தில் எவ்வளவு நேரத்தை அது விழுங்கும், புத்தகத்தைப் பாதியில் விட்டால் முகம் சிவக்குமா, உங்களோடு இருப்பவர்கள் எந்த மொழியில் வாசிக்கிறார்கள். இந்தக் கடைசியைக் கொழும்புக்கு வெளியே இருப்பவர்கள் அவ்வளவாக யோசிக்க மாட்டார்கள். இங்கே ஒரே வீட்டில் அம்மம்மா தமிழ், அம்மா இரண்டும், பிள்ளை ஆங்கிலம் மட்டும் என்று வாசிப்பது சாதாரணம்.

## வட்ஸ்அப் குழுவும் ஸ்டேட்டஸும்

எல்லோரிடமும் இருக்கிறது, செலவில்லை, அம்மாக்களுக்கும் தெரியும். ஆகவே எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம் என்பது உண்மை, ஆனால் என் அனுபவத்தில் 20 பேரைத் தாண்டியதும் புத்தகம் பின்னால் போய்விடும். ஆசிரியருடைய குழுவில் 60க்கு மேல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய போனை வாங்கி மேலே தள்ளிக்கொண்டே போனேன்: ரோஜாப்பூ, முருகன், நீரிழிவுக்குப் பாகற்காய், மரண அறிவித்தல், அதற்கு 23 கைகூப்பு, மறுபடி ரோஜாப்பூ. நடுவில் ஒரு அம்மா, தான் வாசித்துக்கொண்டிருக்கிற நாவலைப் பற்றிப் பத்து வரி, உண்மையாகவே நல்ல பத்து வரி, எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒருவர் வெளிநாட்டு அரசியல் காணொளி ஒன்றைப் போட்டிருந்தார். அந்த அம்மா அதற்குப் பிறகு எழுதவே இல்லை.

இதைச் சரிப்படுத்தலாம். நாங்கள் ஒரு சிறு குழுவில் செய்தது: ஞாயிறு இரவு மட்டும்தான் பேச்சு, ஆளுக்கு ஒரு பதிவு, அதில் நாலு விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும். தலைப்பும் எழுதியவரும், எத்தனை பக்கம், எங்கே கிடைக்கும், யாருக்குப் பிடிக்காது. நான்காவதுதான் முக்கியம். "வேகமாகக் கதை ஓட வேண்டும் என்பவர்களுக்குச் சரிவராது" என்று ஒருவர் எழுதினால்தான் மற்றவர்களுக்கு அவர் சொல்வதில் நம்பிக்கை வருகிறது. அடுத்து எல்லோரும் சேர்ந்து எதை வாசிப்பது என்று தெரிவு செய்ய வாக்கெடுப்பு வசதி இருக்கிறது, 12 தெரிவு வரை போடலாம். ஐந்துக்கு மேல் போட்டால் ஒரு முடிவுக்கும் வரமாட்டீர்கள், அது வேறு கதை.

மறைந்திருக்கும் செலவு மூன்று. முதலாவது, குழுவை நடத்துகிறவரின் நிம்மதி. விதியை மீறுகிற பெரியவரை நீக்குவது பந்தியில் இருந்தவரை எழுப்பிவிட்டது போல, அடுத்த கலியாண வீட்டில் முகம் பார்க்க வேண்டுமே. இரண்டாவது, தேடல். ஆறு மாதத்துக்கு முந்திய பரிந்துரையைத் தேட தலைப்பு ஞாபகம் இருக்க வேண்டும், தலைப்பு மறந்ததால்தானே தேடுகிறோம்.

மூன்றாவது பிடிஎஃப். யாராவது ஒருவர் "வாங்கத் தேவையில்லை, இந்தாங்கோ" என்று முழுப் புத்தகத்தையும் போட்டுவிடுவார், எல்லோரும் நன்றி சொல்வார்கள், ஒருவரும் திறக்க மாட்டார்கள். 300 பிரதி அடித்துவிட்டு வீட்டுக் கட்டிலுக்குக் கீழே 180ஐ வைத்திருக்கிற எழுத்தாளருக்கு இது என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமை எழுதியவரின் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 70 வருடமும் இருக்கிறது. பழைய ஈழத்து நூலோ சஞ்சிகையோ தேவை என்றால் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் தேடுங்கள், 2005 முதல் அந்த வேலையைத்தான் செய்து வருகிறார்கள். அங்கே இருக்கும் பக்கத்தின் இணைப்பைக் குழுவில் போடுவதில் ஒரு பிரச்சினையும் இல்லை.

ஸ்டேட்டஸ் வேறு சாதி. 24 மணித்தியாலத்தில் மறைந்துவிடும், அதுதான் அதன் அழகு. பாதியில் விட்ட புத்தகத்துக்கு ஒருத்தரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். யார் யார் பார்க்கலாம் என்று ஆட்களைத் தெரிவு செய்து வைக்கலாம். ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டால் 70 பேர் பார்ப்பார்கள், இரண்டு பேர் பதில் போடுவார்கள். அந்த இரண்டு பேரைத்தான் நீங்கள் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

இன்னொன்று, குரல் பதிவு. என் அண்ணாவின் மகள் ஆங்கில மொழிமூலம் படிக்கிறாள். தமிழ் கதைத்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு, ஆனால் வாசிக்கச் சொன்னால் விரலை வைத்து எழுத்துக் கூட்டுவாள், மூன்றாவது வரியில் "மாமி, போதும்" என்பாள். ஒரு நாள் சும்மா ஒரு சிறுகதையின் முதல் இரண்டு பக்கத்தை நாலு நிமிடத்துக்கு வாசித்து அனுப்பினேன். இரவு பத்தரைக்குப் பதில் வந்தது: "மிச்சம்?" அனுப்பவில்லை. புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்துக் கூட்டித்தான் முடித்தாள், ஒன்பது நாள் எடுத்தது. முகநூலில் ஆயிரம் சொல் எழுதியிருந்தாலும் இது நடந்திருக்காது.

## முகநூல் பதிவு

பரப்புக்கு இதை விட்டால் வேறு இல்லை. வெள்ளவத்தையில் இருந்து எழுதினால் டொரன்டோவிலும் லண்டனிலும் மட்டக்களப்பிலும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள், சில வேளை எழுதியவரே வந்து நன்றி சொல்கிறார். நீளமாக எழுதலாம். வருடா வருடம் அதே நாளில் பழைய பதிவை எடுத்துக் காட்டும், மறந்துபோன புத்தகத்தை எனக்கு இரண்டு தரம் அப்படி ஞாபகப்படுத்தியிருக்கிறது.

ஆனால் நம் எழுத்துலகம் சின்னது. நீங்கள் "இரண்டாம் பாதி இழுக்கிறது" என்று எழுதினால் அந்த எழுத்தாளர் அடுத்த மாதம் ஏதாவது வெளியீட்டு விழாவில் பக்கத்துக் கதிரையில் இருப்பார். ஆகவே என்ன நடக்கிறது? முகநூல் விமர்சனம் மெல்ல மெல்ல வெளியீட்டு விழா வாழ்த்துரை மாதிரி ஆகிவிடுகிறது: "காத்திரமான படைப்பு", "காலத்தின் தேவை". நானும் எழுதியிருக்கிறேன், பொய் சொல்வானேன். எல்லாப் புத்தகமும் காத்திரமானது என்றால் வாசிக்கிறவர் எதை எடுப்பது?

ஒரு தரம் கணக்குப் பார்த்தேன். நான் ஒரு சிறுகதைத் தொகுதி பற்றி எழுதிய பதிவுக்கு 112 விருப்பம், 19 பின்னூட்டம். பின்னூட்டத்தில் "வாசிக்க வேண்டும்" என்று எழுதியவர்கள் எட்டுப் பேர். மூன்று மாதம் கழித்து எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகக் கேட்டேன், இதில் எனக்குக் கொஞ்சம் குரூரம் உண்டு. வாசித்தவர் ஒருவர். அவரும் பதிவைப் பார்த்து வாங்கவில்லையாம், தங்கையிடம் அந்தப் புத்தகம் இருந்ததாம்.

நேரச் செலவும் உண்டு. எழுதுவது அரை மணித்தியாலம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று திறந்து திறந்து பார்ப்பது இரண்டு மணித்தியாலம். ரயிலில் வெள்ளவத்தையில் ஏறிக் கோட்டையில் இறங்குவதற்குள் ஒரு சிறுகதை முடிக்கலாம். அந்தக் கதையைப் பற்றி எழுதிய பதிவுக்கு வந்த பதிலைப் பார்த்தே அந்தப் பயணம் முடிந்த நாட்கள் எனக்கு நிறைய.

எப்போது இது நல்லது: நீங்கள் விரிவாக எழுத விரும்பினால், புதிய ஆள் ஒருவரின் முதல் புத்தகத்துக்கு நாலு பேர் பார்வை தேவைப்பட்டால், அல்லது கிடைக்காத ஒரு பழைய நூலைத் தேடுகிறீர்கள் என்றால். "இந்தப் புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள், பரிந்துரைக்கு வராத பதில் எல்லாம் இதற்கு வரும்.

## குட்ரீட்ஸ், ஸ்டோரிகிராஃப் போன்றவை

வாசிக்கிற புத்தகங்களைப் பதிந்து வைக்கிற இணையத்தளங்கள் இவை, அடிப்படையில் கணக்குப் புத்தகம். வாசித்தது, வாசித்துக்கொண்டிருப்பது, வாசிக்க விரும்புவது என்று தட்டுத் தட்டாகப் பிரித்து வைக்கலாம். எத்தனையாம் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று போட்டுக்கொண்டு போகலாம். குட்ரீட்ஸ் 2013 முதல் அமேசனுக்குச் சொந்தம். அது பிடிக்காதவர்கள் பலர் ஸ்டோரிகிராஃபுக்குப் போனார்கள். குட்ரீட்ஸில் இருக்கும் உங்கள் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி அங்கே ஏற்றலாம், ஆகவே தொடங்கிவிட்டால் மாட்டிக்கொண்டோம் என்ற பயம் தேவையில்லை.

ஒரு சின்ன விஷயத்தைத் தெரிந்து வைத்திருங்கள். குட்ரீட்ஸில் அரை நட்சத்திரம் கிடையாது, ஸ்டோரிகிராஃபில் கால் நட்சத்திரம் கூடப் போடலாம். குட்ரீட்ஸில் இரண்டு நட்சத்திரத்துக்கு அவர்கள் கொடுக்கும் பொருள் "பரவாயில்லை", மூன்று என்றால் "பிடித்திருந்தது". நம்மாட்களுக்கு மூன்று நட்சத்திரம் என்றால் அறுபது புள்ளி, பிள்ளை தவணைப் பரீட்சையில் அறுபது எடுத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியுமே. ஆகவே தமிழ்ப் புத்தகத்துக்கு மூன்று போட்டால் கூடவே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

தமிழுக்கு வந்தால் கரைச்சல் கூடுகிறது. ஒரே புத்தகம் சில இடத்தில் தமிழ் எழுத்தில், சில இடத்தில் ஆங்கில எழுத்தில் இருக்கும், ஒன்றைத் தேடினால் மற்றது வராமல் போகலாம். இலங்கைப் பதிப்புகள் பல அங்கே இருக்கவே இருக்காது, நீங்களே சேர்க்க வேண்டும். அட்டையின் பின்னால் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும் ஐ.எஸ்.பி.என். எண் இருந்தால் வேலை சுகம். எழுபதுகளில் அச்சிட்ட புத்தகம் என்றால் எண்ணும் இல்லை, சில வேளை ஆண்டும் இல்லை. ஒரு புத்தகத்தைச் சேர்க்கப் பத்து நிமிடம் போகும். சேர்த்துவிட்டால் அடுத்து வருகிறவருக்கு அது கிடக்கும், அதனால் நான் இதைத் தொண்டாக நினைத்துச் செய்வேன், மாதம் ஒன்றிரண்டு.

மறைந்த செலவு: வருட இலக்கு. 50 புத்தகம் என்று போட்டுவிட்டால் நவம்பரில் கை தானாக மெல்லிய புத்தகத்தைத் தேடும். 700 பக்க நாவல் ஜனவரி வரை காத்திருக்கும்.

நீங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வாசிக்கிறவர், அல்லது யாரும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை எனக்குக் கணக்கு வேண்டும் என்பவர் என்றால் இதையே எடுங்கள். தமிழ் மட்டும் என்றால் 80 பக்க சீ.ஆர். கொப்பி ஒன்று இதே வேலையைச் செய்யும், கடவுச்சொல்லும் மறக்காது.

## போயா தினச் சந்திப்பு

மாதம் ஒரு தரம் ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டில் கூடுவது. ஏன் போயா, அதாவது பௌர்ணமி நாள்? எல்லோருக்கும் விடுமுறை, மதம் மொழி வித்தியாசமில்லை, திகதியை நினைவு வைக்கத் தேவையில்லை, வானத்தைப் பார்த்தால் போதும். சனி ஞாயிறு என்றால் ஒருவருக்குப் பிள்ளையின் டியூஷன், ஒருவருக்குக் கலியாண வீடு, ஒருவருக்கு அரை நாள் வேலை.

புத்தகம் பற்றிப் பேச இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவர் "எனக்கு இது ஏறவில்லை" என்று சொல்லலாம், அது அந்த அறையோடு முடிந்துவிடும். வேறொரு இடத்தில் வாயே திறக்காத ஆள் இங்கே கதைப்பார். எங்கள் சந்திப்பில் மருந்துக்கடையில் நிற்கும் தம்பி ஒருவர் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு, நாலாவது மாதம் ஒரு மொழிபெயர்ப்பு நாவலைத் தூக்கிக் காட்டி, "இந்த ஆள் மருந்துக்கடையைப் பற்றி எழுதியிருக்கிறது எல்லாம் பிழை, ஆனா அந்த மனுசனோட தனிமை சரி" என்றார். அன்று அந்தப் புத்தகத்துக்கு மூன்று பேர் சண்டை.

ஆனால் எல்லோரும் ஒரே புத்தகத்தை வாசித்து வரவேண்டும் என்று தொடங்கினால் இரண்டாவது மாதமே படுத்துவிடும். எட்டுப் பிரதி கிடைக்காது, கிடைத்தாலும் ஆளுக்கு 1400 ரூபாய் கொடுக்கச் சொல்வது எப்படி? நாங்கள் ஆளுக்கொரு புத்தகமாக மாற்றினோம். அவரவர் அப்போது வாசிப்பதைக் கொண்டு வருவது, முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, எந்த மொழியானாலும் பரவாயில்லை, ஏழு நிமிடம் பேசுவது. போனில் அலாரம். அலாரம் எதற்கு என்றால் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார், "சுருக்கமாகச் சொல்வதானால்" என்று தொடங்கி முக்கால் மணித்தியாலம் போகிறவர். மரியாதை கெடாமல் அவரை நிறுத்தக்கூடியது போன் மட்டும்தான்.

வெளியில் தெரியாத செலவு வீட்டுக்காரருடையது, இன்னும் திறந்து சொன்னால் வீட்டுப் பெண்களுடையது. முதல் சந்திப்புக்கு நான் பிளேன்டியும் பிஸ்கட்டும் வைத்தேன். இரண்டாவது வீட்டில் வடை. மூன்றாவது வீட்டில் கட்லட், ரோல்ஸ், வட்டிலப்பம். நாலாவது வீட்டு அம்மா சமையலறையில் இருந்து வெளியே வரவே இல்லை, அவர்தான் அந்தக் கூட்டத்தில் அதிகம் வாசிக்கிறவர். அன்றே சட்டம் போட்டோம், பிளேன்டியும் ஒரு பைக்கற் பிஸ்கட்டும் மட்டும், மீறினால் அடுத்த மாதமும் அந்த வீட்டில்தான்.

பாணந்துறை, நீர்கொழும்புப் பக்கம் இருந்து வருகிறவருக்குப் போக்குவரத்து பாதி நாளைத் தின்றுவிடும். இரவு வேலை செய்கிறவருக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் இது சரிவராது.

## கையில் கொடுப்பது

"நீ இதை வாசி" என்ற வேலைக்கு இதுதான். மற்ற நாலும் சேர்ந்தாலும் இதற்குக் கிட்ட வராது, இதில் நான் நடுநிலை இல்லை. விலைப் பிரச்சினையும் எங்கே கிடைக்கும் என்ற பிரச்சினையும் ஒரே அடியில் தீர்ந்தது, புத்தகம் அவர் மேசையில் கிடக்கிறது, அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

எங்கள் மூன்றாம் மாடி அன்ரி கதை சொல்கிறேன். லிஃப்டில் சந்தித்தபோது என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்து, "நான் கலியாணத்துக்கு முந்தி நல்லா வாசிப்பன்" என்றார். "என்ன மாதிரிப் புத்தகம் பிடிக்கும்?" என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது. கடைசியாக எதை முடித்தீர்கள் என்று கேட்க வேண்டும். அவர் சொன்னது முப்பது வருடத்துக்கு முந்திய ஒரு தொடர்கதை. நல்ல இலக்கியம் என்று நான் மதிக்கிற எதையும் கொடுக்கவில்லை, 120 பக்கத்தில் விறுவிறுப்பான ஒன்றைக் கொடுத்தேன். ஐந்து மாதம் சத்தமில்லை. பிறகு ஒரு நாள் மாலை கதவைத் தட்டினார். புத்தகத்துக்குப் பிரவுன் தாளில் உறை போட்டிருந்தது, பள்ளிக்கூடக் கொப்பிக்குப் போடுவது போல மூலை மடித்து. 41ஆம் பக்கத்தில் ஒரு மின்சாரப் பில் அடையாளமாக இருந்தது. "அவருக்குச் சுகமில்லாமல் போனதாலதான் நிண்டது, போன கிழமை ஒரே மூச்சில முடிச்சிட்டன். வேற இருக்கோ?" இப்போது மாதம் இரண்டு கொண்டு போகிறார்.

நட்டங்களையும் சொல்ல வேண்டும். கனடாவுக்குப் போன தோழி ஒருத்தியோடு மூன்று புத்தகம் போனது. அதில் ஒன்று மறுபதிப்பு வராதது, இன்றைக்கும் மருதானைக் கடைகளில் அதைத்தான் தேடுகிறேன். திருப்பிக் கேட்பது கடன் கேட்பது மாதிரி, கேட்டாலும் மனத்தாங்கல், கேட்காவிட்டாலும் மனத்தாங்கல். நான் கற்றுக்கொண்ட இரண்டு விஷயம்: திரும்ப வாங்க முடியாத புத்தகத்தை இரவல் கொடுக்காதீர்கள், வீட்டுக்கு வந்து வாசிக்கச் சொல்லுங்கள். கொடுக்கும்போது அவர் புத்தகத்தைப் பிடித்தபடி போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் படத்தை மட்டும் அனுப்பினால் போதும், ஒரு சொல்லும் எழுதத் தேவையில்லை.

## ஒரு பார்வையில்

| வழி | எந்த வேலைக்கு | பிறகு தேடினால் | நேரம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| வட்ஸ்அப் குழு | இரண்டுக்கும் அரைகுறை | கஷ்டம் | குறைவு, நடத்துகிறவருக்கு நிறைய | நிம்மதி, உறவு |
| ஸ்டேட்டஸ் | வாசிப்பதைச் சொல்ல | மறைந்துவிடும் | ஒரு நிமிடம் | இல்லை என்றே சொல்லலாம் |
| முகநூல் | வாசிப்பதைச் சொல்ல, பரப்ப | ஓரளவு | நினைத்ததைவிடக் கூட | ஒளிவுமறைவில்லாத கருத்து |
| குட்ரீட்ஸ் வகை | கணக்கு வைக்க | மிகச் சுகம் | தமிழுக்கு அதிகம் | இலக்கு வெறி |
| போயா சந்திப்பு | கதைக்க | ஞாபகத்தில் மட்டும் | மாதம் அரை நாள் | வீட்டுக்காரரின் உழைப்பு |
| இரவல் | ஒருவரை வாசிக்க வைக்க | கொப்பி வைத்தால் | குறைவு | புத்தகமே |

## மூவருக்கும் சொன்னது

தங்கச்சிக்கு ஸ்டேட்டஸ், ஆறேழு பேரை மட்டும் தெரிவு செய்து. கூடவே ஒரு சீ.ஆர். கொப்பி. இரண்டாம் கிழமை எங்கள் கணக்காளர் பதில் போட்டிருக்கிறார், நாலு வருடம் பக்கத்து மேசையில் இருந்தும் அந்த மனிதர் கவிதை வாசிப்பார் என்று எனக்கே தெரியாது.

ஆசிரியருக்கு, குழுவை மூடவேண்டாம் என்றேன். மூடினால் அறுபது பேருக்கும் காரணம் சொல்ல வேண்டும். அதை அப்படியே ரோஜாப்பூவுக்கு விட்டுவிட்டு, பத்து வரி எழுதிய அந்த அம்மாவையும் இன்னும் ஆறு பேரையும் போயாவுக்கு வீட்டுக்குக் கூப்பிடச் சொன்னேன். கூப்பிட்டிருக்கிறார். பிஸ்கட் மட்டும் என்ற சட்டத்தை முதலிலேயே போடச் சொன்னேன், ஆனால் அவருடைய மனைவி கேட்கிற ஆள் மாதிரித் தெரியவில்லை.

பெரியம்மாவின் மகனிடம் மூன்று மாதத்துக்கு எதையும் எழுதாதே என்றேன். அதற்குப் பதில் மாதம் ஒரு ஆளைப் பிடித்து, அவர் கடைசியாக முடித்தது எது என்று கேட்டு, அதற்கேற்ற ஒன்றைக் கையில் கொடு. முதல் ஆளாக அவனுக்கு முடி வெட்டுகிற அண்ணையைப் பிடித்தான். புத்தகத்தைக் கொடுத்து மூன்றாவது கிழமை அவர் வாசித்து முடித்துத் திருப்பித் தந்ததோடு, "தம்பி, இது என்ர, இதை நீங்கள் வாசிச்சுப் பாருங்கோ" என்று தன்னுடைய ஒன்றையும் கொடுத்திருக்கிறார். இவன் நேற்றுப் போனில் அதைப் பெருமையாகச் சொன்னான். புத்தகம் எப்படி என்று கேட்டேன். மேசையில் இருக்கிறதாம், இன்னும் நேரம் கிடைக்கவில்லையாம்.